பேண்டசி பேஸ்பால்: ரோஸ்டர் கணக்கு வேறு, ஒப்பந்தக் கணக்கு வேறு

அமெரிக்காவில் உடன் வேலை செய்பவர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் 12 அணிகளின் பேண்டசி பேஸ்பால் லீகில் (நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்களுடைய ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு), விலகிப்போன ஒருவருடைய அணியை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். லீகின் விதிமுறை ஒரே ஒரு பக்கம்: ஏலத்துக்கு 260 டாலர், ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) 23 பேர், சீசன் முடிந்தபின் 15 பேர் வரை தக்கவைக்கலாம், ஒப்பந்தம் இரண்டு ஆண்டு, மூன்றாவது ஆண்டு விருப்ப ஆண்டு (விரும்பினால் அதே சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம்), அதற்குமேல் நீட்டித்தால் ‘கூடுதல் ஆண்டு ஒன்றுக்கு 5 டாலர்’, ஃபார்மில் (வருங்காலத்துக்காகப் பிடித்துவைக்கும் இளம் வீரர்களின் தனிப் பட்டியலில்) 5 பேர், காயம்பட்டவர்களுக்கு ஐ.எல். (காயப்பட்டோர் பட்டியல்) இடங்கள். 2026 சீசனுக்குத் தயாராகும்போது உங்களுக்கு எழுந்த கேள்விகள் ஐந்து. 10 டாலருக்கு எடுத்த அவுட்ஃபீல்டர் (வெளிக்களத்தில் ஆடுபவர்) ஒருவரைப் பழைய உரிமையாளர் 2027 வரை நீட்டித்திருக்கிறார். அவருடைய சம்பளம் இப்போது என்ன? 2025 முழுவதும் ஆடாத பிட்சர் (பந்து வீசுபவர்) கெரிட் கோலுக்கு அந்த ஆண்டும் ஒப்பந்தத்தில் கழியுமா? ஃபார்மில் இருக்கும் இளம் வீரருக்கு ஒப்பந்தம் எப்போது தொடங்கும்? ஒருவரை விடுவித்துவிட்டு அவரையே குறைந்த விலைக்குத் திரும்ப எடுக்கலாமா? லீக் ஈ.எஸ்.பி.என். தளத்திலிருந்து யாஹூவுக்கு மாறினால், பேட்டிங்கும் பந்துவீச்சும் செய்யும் ஓதானியின் ஒப்பந்தம் என்ன ஆகும்?

ஐந்துக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ரோஸ்டர் விதி என்பது, ஒரு வீரர் இன்று எந்த இடத்தில் இருக்கிறார், அவருடைய ஆட்டம் உங்கள் புள்ளியில் சேருமா சேராதா என்பதைச் சொல்வது. ஒப்பந்த விதி என்பது, அவர் யாருக்கு, என்ன விலைக்கு, எந்த ஆண்டு வரை உரியவர் என்பதைச் சொல்வது. இவை தனித்தனிக் கணக்குகள். விதிமுறை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய, முதல் கணக்கில் நடக்கும் எந்த மாற்றமும் இரண்டாவதைத் தொடாது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐ.எல்., ரிசர்வ் (புள்ளியில் சேராமல் ஒதுக்கிவைக்கும் பட்டியல்), ஃபார்ம் என்று வீரரை எங்கே நகர்த்தினாலும் ஒப்பந்தம் அப்படித்தான் ஓடும். நான் பார்த்தவரை லீகுகளில் வரும் சச்சரவுகளில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

உங்கள் லீகின் பக்கத்தைப் படித்ததுமே அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. 1980-இல் டேனியல் ஓக்ரென்டும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிசெரி லீகின் விதிகளைத்தான் யாரோ சுருக்கி எழுதியிருக்கிறார்கள். 260 டாலர், 14 பேட்டர்கள், 9 பிட்சர்கள் என்ற எண்களும், இரண்டு ஆண்டு கழித்து முடிவெடுக்கும் முறையும், 5 டாலர் விதியும் அங்கிருந்து வந்தவை. சுருக்கியவர் முக்கியமான பாதி வாக்கியங்களை விட்டுவிட்டார். ஆகவே உங்கள் பக்கம் மௌனமாக இருக்கும் இடங்களில், மூல வழக்கத்தைப் பார்த்துப் பொருள்கொள்வதே நியாயம். கமிஷனரிடம் (லீகை நடத்துபவரிடம்) பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் 10 டாலர் அவுட்ஃபீல்டர். அவரை 2023 ஏலத்தில் வாங்கியிருக்கிறார்கள். 2023-இலும் 2024-இலும் சம்பளம் 10 டாலர்தான். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2025 தொடங்குமுன் உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருந்தன. விடுவித்துவிடலாம். விருப்ப ஆண்டுக்கு மட்டும் அதே 10 டாலரில் வைத்துக்கொண்டு, 2025 முடிந்ததும் ஏலத்துக்குத் திருப்பி அனுப்பலாம். அல்லது நீண்டகால ஒப்பந்தம் போடலாம். அவர் மூன்றாவது வழியை எடுத்து 2027 வரை நீட்டித்தார். விருப்ப ஆண்டான 2025-ஐத் தாண்டி இரண்டு கூடுதல் ஆண்டுகள். உங்களுக்கு முன்னவர் இதை 2025-இல் 10, 2026-இல் 15, 2027-இல் 20 என்று படிப்படியாக ஏறும் சம்பளமாக எழுதிவைத்திருக்கிறார். கமிஷனர் மூன்று ஆண்டுக்கும் 20 என்கிறார்.

கமிஷனர் சொல்வதுதான் சரி. மூல விதியில் 5 டாலர் என்பது ஆண்டுதோறும் கூடும் உயர்வு அல்ல. விருப்ப ஆண்டுக்கு அப்பால் எத்தனை ஆண்டு கேட்கிறீர்களோ அதை 5-ஆல் பெருக்கி, வரும் தொகையைப் பழைய சம்பளத்தோடு கூட்டி, விருப்ப ஆண்டு உட்பட எல்லா ஆண்டுக்கும் ஒரே சம்பளமாக வைப்பது. ஓர் ஆண்டு நீட்டித்தால் இரண்டு ஆண்டுக்கும் 15. இரண்டு ஆண்டு நீட்டித்தால் மூன்று ஆண்டுக்கும் 20. படியேறும் கணக்கில் மூன்று ஆண்டுகளின் கூட்டுத்தொகை 45 டாலர். சமச் சம்பளக் கணக்கில் 60. வித்தியாசம் 15 டாலர்தான் என்றாலும், அது எந்த ஆண்டில் விழுகிறது என்பதுதான் முக்கியம்: 10 டாலர் 2025-இலும், 5 டாலர் 2026-இலும் விழுகிறது. 2025-இல் அந்த 10 டாலரைக் கூடுதலாக வைத்துக்கொண்டு பழைய உரிமையாளர் ஏலத்தில் ஒரு நல்ல க்ளோசரையே (ஆட்டத்தின் கடைசியில் வந்து வெற்றியைக் காக்கும் பிட்சர்) எடுத்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் அதை இனித் திருப்ப முடியாது. 2026-இல் சம்பளம் 20 என்று எழுதிவிட்டு நகருங்கள்.

விதி ஏன் இப்படி அமைந்தது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அந்த அவுட்ஃபீல்டர் ஏலத்துக்கு வந்தால் 35 டாலர் போவார் என்று வைத்துக்கொள்வோம். விருப்ப ஆண்டோடு நிறுத்தினால் உங்களுக்கு மிச்சம் 25 டாலர், ஓர் ஆண்டுக்கு. ஓர் ஆண்டு நீட்டித்தால் ஆண்டுக்கு 20 வீதம் 40. இரண்டு ஆண்டு நீட்டித்தால் ஆண்டுக்கு 15 வீதம் 45. மூன்று ஆண்டு நீட்டித்தால் ஆண்டுக்கு 10 வீதம் மறுபடியும் 40. அதாவது, இரண்டாவது கூடுதல் ஆண்டுக்காக அவருடைய முழங்கால், தோள்பட்டை, வயது எல்லாவற்றின் ஆபத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு நீங்கள் பெறுவது 5 டாலர். மூன்றாவதில் அதுவும் போய்விடுகிறது. அதோடு, மிச்சமாகும் தொகை இந்த ஆண்டே கையில் இருந்தால்தான் இந்த ஆண்டுக் கோப்பைக்கு உதவும். பழைய உரிமையாளர் 2027 வரை போனது சொற்பமான சேமிப்புக்கு மிகையான துணிச்சல் என்பது என் கருத்து. ஓர் ஆண்டு போதுமாயிருந்தது.

இதிலேயே ஒரு கிளைக் கேள்வி: நீண்டகால ஒப்பந்தம் உள்ளவரை நடுவில் விடுவித்தால் என்ன? உங்கள் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தண்டனை எதுவும் இல்லையென்றால் நீண்டகால ஒப்பந்தம் என்பதே பொருளற்றுப்போகும். எல்லோரையும் ஐந்து ஆண்டுக்கு எழுதிவிட்டு, சரியாக ஆடாதவரை மட்டும் உதறிவிடலாம். ஃபேன்கிராஃப்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவரத் தளத்தோடு இணைந்து நடக்கும் ஓட்டோன்யூ என்ற பேண்டசி முறையில் ஒரு தெளிவான வழி இருக்கிறது. அங்கே 40 பேருக்கு 400 டாலர் சம்பள வரம்பு. ஒருவரை விடுவித்தால் அவருடைய சம்பளத்தில் பாதி உங்கள் வரம்பில் தண்டமாக நிற்கும். உங்கள் லீகுக்கு நான் பரிந்துரைப்பது இதன் ஒரு வடிவம்: மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சம்பளத்தில் பாதியை ஏலத் தொகையிலிருந்து கழித்துவிடுவது. 20 டாலர் அவுட்ஃபீல்டரை 2026 தொடங்குமுன் விடுவித்தால் 2026-இலும் 2027-இலும் உங்களிடம் ஏலத்துக்கு 250 டாலர்தான் இருக்கும். ஆனால் நினைவில் வையுங்கள்: இந்த விதியை இன்று கொண்டுவந்தால் இனிமேல் போடும் ஒப்பந்தங்களுக்குத்தான் பொருந்தும். தண்டனை இல்லை என்று நம்பிக் கையெழுத்திட்டவர்மேல் பின்னால் தண்டனை சுமத்தக்கூடாது.

இரண்டாவது, கெரிட் கோல். 2024 ஏலத்தில் 27 டாலருக்கு வாங்கப்பட்டவர் என்று எழுதியிருந்தீர்கள். 2025 மார்ச்சில் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அந்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. ஒரு பந்துகூட வீசாத ஆண்டை எப்படி ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்பது உங்கள் வாதம். மனம் அப்படித்தான் சொல்லும். விதி அப்படிச் சொல்லாது. ஐ.எல். இடம் ஒரு ரோஸ்டர் சலுகை. காயம்பட்டவர் 23 இடங்களில் ஒன்றை அடைத்துக்கொண்டிருக்காமல் ஒதுங்க, அவருக்குப் பதிலாக வேறொருவரை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், சலுகை அவ்வளவுதான். மேஜர் லீகிலேயே (நிஜமான முதல்நிலைத் தொழில்முறைப் பேஸ்பாலில்) 60 நாள் ஐ.எல்.-இல் வைக்கப்பட்டவர் 40 பேர் பட்டியலில் எண்ணப்பட மாட்டார். ஆனாலும் கிளப் அவருக்குச் சம்பளம் தந்துகொண்டுதான் இருக்கும், ஒப்பந்த ஆண்டும் கழிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே கோலுக்கு 2024 முதல் ஆண்டு, 2025 இரண்டாம் ஆண்டு. 2026-க்கு முன் நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும்: விடுவிப்பது, 27 டாலரில் விருப்ப ஆண்டு, அல்லது 2027 வரை 32 டாலர். பெரிய அறுவைச் சிகிச்சையிலிருந்து திரும்பும் பிட்சருக்கு 32 டாலரை உறுதியாக எழுதிக்கொடுக்க என் கை வராது.

காயத்துக்காக ஓர் ஆண்டை நிறுத்திவைக்கும் லீகுகளும் இருக்கின்றன. அந்த விதி தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை நாள் காயத்துக்கு நிறுத்துவது, சீசன் பாதியில் காயம்பட்டால் என்ன, பாதிக்கப்பட்ட உரிமையாளர் அவரை வேறொருவருக்கு டிரேட் செய்தால் அந்தச் சலுகையும் கூடவே போகுமா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். நிறுத்தாமல் விடுவது எளிது, எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுகிறது.

ஐ.எல். பற்றி நடைமுறைச் செய்திகள் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேட்டர்களுக்கு 10 நாள், பிட்சர்களுக்கு 15 நாள் என்ற குறைந்தபட்ச ஐ.எல். காலத்தை உண்மைக் கிளப்புகள் மூன்று நாள் வரை முன்தேதியிட்டு அறிவிக்கலாம். பேண்டசி லீகில் அந்த முன்தேதி செல்லாது. அறிவிப்பு வந்த பிறகு நீங்கள் நகர்த்திய நாளிலிருந்துதான் கணக்கு. இன்னொன்று, உண்மைக் கிளப் ஒருவரை ஐ.எல்.-இலிருந்து திரும்ப அழைத்ததும் உங்கள் ஐ.எல். இடத்தில் அவரை வைத்திருக்கும் உரிமை முடிகிறது. ஆடும் வரிசையை மாற்ற முடியாதபடி தளம் அடுத்துப் பூட்டும் நேரத்துக்குள் அவரைச் சேர்த்து வேறொருவரை விடுவிக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் மூன்று வாரம் 24 பேரோடு ஆடிவிட்டு, தளம் தடுக்கவில்லையே என்பார்.

காயமும் தடையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். சான் டியேகோ பாட்ரஸின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் 2022 சீசனை மணிக்கட்டுக் காயத்தோடு ஐ.எல்.-இல் தொடங்கினார், திரும்பும் நேரத்தில், ஆகஸ்டில், ஊக்கமருந்து விதியை மீறியதற்காக அவருக்கு 80 ஆட்டத் தடை வந்தது, 2023 ஏப்ரலில்தான் மீண்டும் ஆடினார். தடைக்காலத்தில் அவர் காயம்பட்டவர் அல்லர் என்பதால் ஐ.எல். இடம் அவருக்கு இல்லை. தடைக்காலத்துக்கு உண்மைக் கிளப் சம்பளம் தருவதில்லையே, நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்ற வாதம் அப்போது பல லீகுகளில் எழுந்தது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கிளப்பின் 14 ஆண்டு, 340 மில்லியன் டாலர் ஒப்பந்தம் தடையால் ரத்தாகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் பரிந்துரை: தடை பெற்றவரை ரிசர்வ் பட்டியலில் வைக்க அனுமதி, சம்பளமும் ஆண்டும் அப்படியே.

மூன்றாவது கேள்வி ஃபார்ம். எல்லா விதிகளிலும் வளமானதும் குழப்பமானதும் இதுதான். உங்கள் பக்கம் ‘ஃபார்மில் 5 பேர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். யார் ஃபார்மில் இருக்கத் தகுதியுள்ளவர்? இது ரோஸ்டர் கேள்வி. ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு எது? இது ஒப்பந்தக் கேள்வி.

தகுதிக்குப் பெரும்பாலான லீகுகள் மேஜர் லீகின் புதுமுக வரையறையை எடுத்துக்கொள்கின்றன: மேஜர் லீகில் 130 அட்-பேட்டை (பேட் செய்த முறை) தாண்டாதவர், 50 இன்னிங்ஸுக்கு மேல் பந்து வீசாதவர், ஐ.எல். நாட்களைக் கழித்து 45 நாட்களுக்கு மேல் செயல்படும் ரோஸ்டரில் இல்லாதவர். இதில் 45 நாள் என்ற பகுதியை விட்டுவிடுங்கள். அட்-பேட்டும் இன்னிங்ஸும் எந்தத் தளத்திலும் கண்ணெதிரே இருக்கும். ரோஸ்டர் நாட்களை எண்ண கமிஷனர் ஒவ்வோர் இடமாற்ற அறிவிப்பையும் தேடி அலைய வேண்டும்.

இப்போது ஜாக்சன் ஹாலிடேயைப் பாருங்கள். பால்டிமோர் ஓரியோல்ஸ் 2024 ஏப்ரல் 10 அன்று அவரை மேலே கொண்டுவந்தது; 34 அட்-பேட்டில் 2 ஹிட் மட்டும் அடித்துவிட்டு அந்த மாதம் முடியுமுன் மைனர் லீகுக்குத் திரும்பினார்; ஜூலை கடைசியில் மீண்டும் வந்து, சீசன் முடிவதற்குள் 130-ஐத் தாண்டினார். ஏப்ரலில் அவரை ஆவலோடு 23 பேரில் சேர்த்த உரிமையாளர், மே மாதத்தில் ‘34 அட்-பேட்தான் ஆகியிருக்கிறது, இன்னும் புதுமுகம்தான், ஃபார்முக்கே அனுப்புகிறேன், ஒப்பந்தமும் தொடங்கவில்லை’ என்று சொல்லலாமா?

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. 130 தாண்டாதவரை ஃபார்மில் வைக்கலாம் என்றால், ஹாலிடே மே மாதத்தில் தகுதியுள்ளவரே, அனுப்பலாம். ஆனால் உரிமையாளர் அவரை ஒருமுறை 23 பேரில் சேர்த்துப் புள்ளிக்காக ஆடவிட்ட அன்றே ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு தொடங்கிவிட்டது. ஃபார்முக்குத் திரும்புவது இடத்தை விடுவிக்கும். ஆண்டைத் திருப்பித் தராது. மாறாக, ஏப்ரலில் அவரைத் தொடாமல் ஃபார்மிலேயே வைத்திருந்த உரிமையாளருக்கு, ஓரியோல்ஸ் எத்தனை முறை மேலும் கீழும் அனுப்பினாலும் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்காது. ஆனால் 2024 முடிவில் 130 தாண்டிவிட்டதால், 2025-க்கு முன் அவரைத் தக்கவைக்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். ஃபார்மில் இனி இடமில்லை. இந்த மூன்று வாக்கியங்களையும் உங்கள் விதிமுறையில் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

முதல் ஆண்டை எப்படி எண்ணுவது என்பதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்குப் பால் ஸ்கீன்ஸ் சாட்சி. 2023 ஜூலையில் நடந்த புதிய வீரர்கள் தேர்வில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த பிட்சர். 2024 மே 11 அன்று முதல் ஆட்டம். அந்த ஆண்டே, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். 2025-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஃபார்மிலிருந்து 5 டாலர் சம்பளத்தில் மே மாதம் மேலே வந்தவராக அவரை வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்த சீசனே முதல் ஆண்டு என்றால் 2024, 2025, பிறகு 2026 விருப்ப ஆண்டு. மலிவு விலையில் மூன்று சீசன். ‘முதல் முழு சீசன்தான் முதல் ஆண்டு’ என்று லீக் வைத்திருந்தால் 2024 இலவசம்; 2027 வரை நான்கு சீசன். நாட்டிலேயே சிறந்த பிட்சர்களில் ஒருவரை இன்னோர் ஆண்டும் 5 டாலருக்கு வைத்திருப்பது லீகையே சாய்த்துவிடும். ஒரு நாள் ஆடினாலும் அந்த சீசன் முழு ஆண்டு என்பதே பழைய வழக்கம். சீசன் நடுவில் ஃப்ரீ ஏஜென்டாக (எந்த அணியிலும் இல்லாதவராக) இருந்து எடுக்கப்பட்டவருக்கும் அதே கணக்குத்தான். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒருவரை ஃபார்மிலிருந்து எழுப்புமுன் இதனால்தான் இருமுறை யோசிக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வருபவர்களைப் பற்றியும் ஒரு வாக்கியம் தேவை. யோஷினோபு யமமோட்டோ 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுடன் 12 ஆண்டு, 325 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். மேஜர் லீக் கணக்கில் அவரும் 2024-இல் புதுமுகமே. அவரைப் போன்றவரை 5 டாலர் ஃபார்ம் இடத்தில் பதுக்க விடக்கூடாது. மேஜர் லீக் ஒப்பந்தத்தோடு நேரே வருபவர்கள் ஏலத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதினால் போதும்.

நான்காவது, விடுவித்துத் திரும்ப எடுப்பது. 30 டாலர் சம்பளத்தில் கடைசி ஆண்டில் இருப்பவர் மோசமாக ஆடுகிறார். உரிமையாளர் திங்களன்று விடுவிக்கிறார். வேறு யாரும் கேட்கவில்லை. வியாழனன்று அவரே 1 டாலருக்கு எடுத்து, புதிய ஒப்பந்தம், முதல் ஆண்டு என்கிறார். அந்த வீரர் அடுத்த ஆண்டு பழைய ஆட்டத்துக்குத் திரும்பினால் எல்லோருக்கும் வயிறு எரியும். உங்கள் லீகில் இது தடுக்கப்படவில்லை. ஆகவே பழைய உரிமையாளர் 2025-இல் இப்படிச் செய்திருந்தால் அது செல்லும், அந்த 1 டாலர் வீரர் உங்களுக்கு 1 டாலர்தான். இனிமேலுக்கு இப்படி எழுதச் சொல்லுங்கள்: விடுவிக்கப்பட்டவர் வெய்வரில் (மற்ற அணிகள் அவரைக் கேட்பதற்கான இடைக்காலத்தில்) இருக்கும்போது வேறோர் அணி கேட்டால் அவருடைய பழைய சம்பளமும் ஆண்டும் அந்த அணிக்குப் போகும், யாரும் கேட்காமல் வெய்வரைத் தாண்டினால் ஒப்பந்தம் முடிந்தது, அவர் ஃப்ரீ ஏஜென்ட், ஆனால் விடுவித்த அணியே அதே சீசனில் அவரை எடுத்தால் பழைய ஒப்பந்தம் உயிர்பெறும்.

டிரேட்டில் இந்தச் சிக்கல் இல்லை. சம்பளம், ஆண்டு, நீட்டிப்பு எல்லாம் வீரரோடு போகும். வாங்கியவருக்குப் புதிதாக எதுவும் தொடங்காது. (நேஷனல் லீக் வீரர்களை மட்டும் வைத்து ஆடும் லீகுகளில் இருப்பவர்களின் பாடு வேறு. ஹுவான் சோட்டோ 2023 டிசம்பரில் பாட்ரஸிலிருந்து அமெரிக்கன் லீகில் இருக்கும் யாங்கீஸுக்குப் போய், அடுத்த டிசம்பரில் 15 ஆண்டு, 765 மில்லியன் டாலருக்கு நேஷனல் லீகின் மெட்ஸுக்கு வந்தபோது, பழைய ஒப்பந்தம் செத்ததா தூங்கியதா என்று அங்கே பெரிய விவாதம் நடந்திருக்கும். உங்கள் லீகில் இரண்டு லீக் வீரர்களும் உண்டு என்பதால் தப்பித்தீர்கள்.)

ஐந்தாவது, ஓதானி. ஈ.எஸ்.பி.என். அவரை ஒரே வீரராக வைத்திருக்கிறது. அவரை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்களோ அந்த இடத்தின் புள்ளிதான் சேரும். யாஹூவில் பேட்டர் ஓதானி, பிட்சர் ஓதானி என்று இரண்டு பதிவுகள். தளம் மாறினால் ஒரு பெயர் இரண்டாகிறது. உங்கள் லீகில் ஒரு சம்பளத்துக்கு வாங்கப்பட்ட ஒப்பந்தம் எதன்மேல் நிற்கும்? தளம் எத்தனை பதிவு வைத்திருக்கிறது என்பது ரோஸ்டர் ஏற்பாடு. ஏலத்தில் வாங்கப்பட்டது ஒரு மனிதர். ஆகவே நடப்பு ஒப்பந்தம் முடியும்வரை இரண்டு பதிவுகளும் அதே உரிமையாளருக்கு, அதே ஒரே சம்பளத்துக்கு உரியவை. பிரித்து டிரேட் செய்யக்கூடாது. ஆனால் இப்படிச் செய்தால் அவர் முன்பு பெறாத ஒரு லாபம் கிடைக்கிறது: ஒரே நாளில் பேட்டரும் பிட்சரும் சேர்ந்து புள்ளி தருவார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2024-இல் அவர் பந்தே வீசவில்லை, எனவே அப்போது இந்தக் கேள்வி யாருக்கும் உறைத்திருக்காது. 2025 ஜூனில் அவர் மீண்டும் பந்து வீசத் தொடங்கிய பிறகு இது பெரிய விஷயம். நியாயமான வழி, ஒரு நாளில் ஒரு பதிவைத்தான் செயல்படும் இடத்தில் வைக்கலாம் என்று ஒப்பந்தம் முடியும்வரை கட்டுப்படுத்துவது. அதன்பின் ஏலத்தில் இரண்டு பெயராக வரட்டும், இரண்டு சம்பளம், இரண்டு ஒப்பந்தம். யாஹூ இந்தக் கட்டுப்பாட்டைத் தானாகச் செய்யாது. கமிஷனர்தான் கண் வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள். ஆடும் நிலைத் தகுதி, அதாவது ஒருவரை எந்த நிலையில் நிறுத்தலாம் என்பது, ஒப்பந்தத்தில் அடங்காது. மூக்கி பெட்ஸ் 2024-இல் செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், ரைட் ஃபீல்ட் மூன்றிலும் ஆடினார் என்பதற்காக அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவர் அவுட்ஃபீல்டராக இருப்பார் என்று நம்பி நீட்டிக்காதீர்கள். ஒரு நிலைக்குத் தகுதிபெற, அங்கே முந்தைய சீசனில் 20 ஆட்டம் என்ற பழைய அளவா, 5 முறை தொடக்க வரிசை அல்லது 10 ஆட்டம் என்ற யாஹூ அளவா என்பதைத் தளம் மாறும்போது முடிவு செய்யுங்கள்.

மற்றொன்று தக்கவைக்கும் பட்டியலைக் கொடுக்கும் நாள். கோலுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது மார்ச் 11. மார்ச் 1-ஐக் கெடுவாக வைத்திருந்த லீகுகளில் அவரை 27 டாலருக்குத் தக்கவைத்தவர்கள் ஏலத்துக்குமுன்பே பத்தில் ஒரு பங்குப் பணத்தை இழந்தார்கள். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் கெடு வைத்திருந்தவர்கள் அவரை விட்டுவிட்டு 27 டாலரை வேறு பிட்சர்மேல் போட்டார்கள். உங்கள் பக்கத்தில் நாள் குறிப்பிடப்படவில்லை. ‘சீசனுக்கு முன்’ என்று மட்டும் இருக்கிறது. பயிற்சி ஆட்டங்கள் நடக்கும் மார்ச் மாதம் பிட்சர்களின் முழங்கைக்குப் பொல்லாத மாதம். ஏலத்துக்கு 48 மணி நேரம் முன்பு என்று நாளையும் மணியையும் எழுதக் கேளுங்கள்.

கமிஷனரிடம் போகும்போது நடப்பு ஒப்பந்தங்களின் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு வீரருக்கும் வாங்கிய ஆண்டு, வாங்கிய விதம், சம்பளம், கடைசி ஆண்டு என்று நான்கு பத்தி. அதில் உங்கள் அவுட்ஃபீல்டருக்கு எதிரே 20 டாலர், 2027 என்றும், கோலுக்கு எதிரே 27 டாலர், முடிவு நிலுவை என்றும் இருக்க வேண்டும். பட்டியலில் 12 அணிகளும் ஒப்புதல் தந்தபின் விதித் திருத்தங்களை வாக்கெடுப்புக்கு வையுங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள்; திருத்தத்தை முதலில் பேசத் தொடங்கினால், ஒவ்வொருவரும் தன் அணியிலிருக்கும் வீரரைப் பார்த்துக்கொண்டே வாக்களிப்பார்.